சேர்க்கைக்கு முந்தைய நாள்

திருவிடைமருதூர்ப் பக்கத்துக் கால்பந்தாட்டக்காரன் ஒருவன், கும்பகோணத்துக் கல்லூரி ஒன்றில் சேர்வதாக ஒப்புக்கொண்டிருந்து, சேர்க்கைக்கு முந்தைய நாள் சென்னைக் கல்லூரி ஒன்றுக்குப் போய்விட்டான். தேரடியில் இரண்டு நாளாக இதுவே பேச்சு. துரோகம் என்கிறார்கள். நாம் அப்படிக் கருதவில்லை.

கால்பந்தில் ஆள் கவர்தல் புதிதன்று. ஒப்பந்தக் காலம் வந்தால் கல்கத்தாவின் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் ஆட்டக்காரர்களைக் கையெழுத்திடும்வரை ஒளித்துவைத்துக் காவல் காத்த கதைகள் ஏராளம். 1985இல் கிருஷாணு டேயும் பிகாஷ் பாஞ்சியும் மோகன் பகானை விட்டு ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார்கள். 1992இல் கிருஷாணு மோகன் பகானுக்கே திரும்பியும் வந்தார். அவையாவது பணமும் செல்வாக்கும் உள்ள சங்கங்கள். நம் பையனுக்கு அங்கே கிடைப்பது விடுதி, மூன்று வேளைச் சோறு, புல்தரை, ஒரு ஜோடி பூட்ஸ். இங்கே? விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் இடம். பயிற்சி முடிந்ததும் பசியோடு பஸ் பிடிக்க வேண்டும். அறுவடை முடிந்த வயலில் பந்தடித்துப் பழகியவன் எதைத் தேர்வான்?

நமக்கு உறுத்துவது வேறு. அசல் மதிப்பெண் சான்றிதழை முன்பே வாங்கிப் பூட்டிவைத்திருந்தால் போயிருக்கமாட்டான் என்று படித்தவர்களே பேசுகிறார்கள். கல்லூரிகள் அசல் சான்றிதழ்களைத் தம்மிடம் வைத்துக்கொள்ளக் கூடாதென்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே அறிவித்துவிட்டது. பதினேழு வயதுப் பிள்ளையின் காகிதங்களைப் பிணையாகப் பிடித்துவைப்பதற்கு ஊர்ப்பற்று என்றா பெயர்? தக்கவைக்க விரும்பியவர்கள் விடுதியில் அவனுக்கு ஒரு கட்டில் போட்டிருக்கலாம்.

அவனுடைய தகப்பனாரைக் கடைத்தெருவில் நிறுத்தி விசாரிப்பதையாவது இன்றோடு விட்டுவிடலாம்.