அட்டையில ‘மிச்சம்’ எண்டு காட்டுறது ஆற்ற காசு?

நாரந்தனைப் பக்கம் கடைக் கொப்பி இன்னும் சாகேல்லை. அரிசி, சீனி, மா, தேயிலை எண்டு திகதி போட்டு எழுதி, கீழே ஒரு கூட்டுத்தொகை இருக்கும். அந்தக் கொப்பி எப்பவும் ஒண்டைத்தான் சொல்லும்: நீங்கள் தரவேண்டியது இவ்வளவு. “இன்னும் இவ்வளவுக்கு நீங்கள் கடன் வாங்கலாம்” எண்டு எந்தக் கடைக்கார அண்ணையும் எழுதி வைக்கிறேல்லை. எல்லை அவற்ற மனசுக்குள்ள இருக்கும். கொஞ்சம் முகத்திலயும் தெரியும்.

கடனட்டை இதை அப்படியே தலைகீழாக்குது. சாமான் வாங்கினவுடன போனுக்கு வாற மெசேஜ், எவ்வளவு செலவழிச்சீங்கள், இன்னும் எவ்வளவு ‘மீதி’ எண்டுதான் சொல்லும். மொத்தமா எவ்வளவு கடன் எண்டது மாசத்தில ஒருக்கா வாற கூற்றிலதான் பெருசாத் தெரியும். எங்கட வாதம் முழுக்க இந்த ‘மீதி’ எண்ட சொல்லைப் பற்றினதுதான்.

இதை ஏன் இப்ப எழுதுறம்? கலைப்பீடத்தில எங்களுக்கு முன்னம் படிச்சு வெளிக்கிட்ட அக்காமார், அண்ணாமார் சிலர் வேலை நியமனம் கிடைச்ச கையோட முதல் கடனட்டையையும் எடுத்திருக்கினம். சம்பளச் சிட்டை, அடையாள அட்டைப் பிரதி, நாலைஞ்சு கையெழுத்து. பிறகு அட்டை வரும், கூடவே ஒரு கடன் எல்லையும் வரும். அது பெரும்பாலும் மாசச் சம்பளத்தை விடக் கூட. “பாங்க் எனக்கு ரெண்டு லட்சம் தந்திருக்கு” எண்டு சொல்லேக்க குரலில ஒரு பெருமை இருக்கு. அதை நாங்கள் பகிடி பண்ண வரேல்லை. பிணைக்கு ஆள் தேடி அலைஞ்ச குடும்பங்களில இருந்து வந்த பிள்ளைக்கு, பிணை இல்லாமல் ஒரு வங்கி கடன் தருதெண்டால் அது சின்ன விஷயமில்லை. ஆனால் வங்கி ஒண்டும் தரேல்லை. ரெண்டு லட்சம் வரைக்கும் கடன்பட விட்டிருக்கு, அவ்வளவுதான்.

கணக்கு லேசு. எல்லை 200,000 ரூபா. குளிர்சாதனப் பெட்டி ஒண்டு 60,000க்கு எடுத்தால் மீதி 140,000. சேமிப்புக் கணக்கில இருந்து வாற மெசேஜும் ‘மீதி’ எண்டுதான் சொல்லுது, கடனட்டை மெசேஜும் அதே சொல்லைத்தான் சொல்லுது. ஒரே போன், ஒரே பெட்டி, ஒரே சொல். ஒண்டு நாங்கள் உழைச்ச காசு. மற்றது வங்கியின்ர காசு, நாங்கள் இன்னும் தொடாதது.

அந்த 140,000 கூட உண்மையில 140,000 இல்லை. அட்டையில் காசாக எடுக்கக்கூடிய தொகை அதுக்குள்ளயே இன்னொரு சின்ன எல்லை. அப்பிடி எடுத்தால் கட்டணமும் உண்டு, எடுத்த நாளில இருந்தே வட்டியும் ஓடும். தவணை முறையில போன் எடுத்தால், மாசம் கட்டுறது கொஞ்சமெண்டாலும் முழு விலையும் முதல் நாளே எல்லையில இருந்து பிடிபடும், பிறகு கட்டக் கட்டத்தான் விடுபடும். ஹோட்டல்காரர் அறைக்கெண்டு மறிச்சு வைக்கிற காசும் செலவு மாதிரித்தான் குறையும். வருடக் கட்டணம், பிந்திக் கட்டின தண்டம், வட்டி எல்லாமே இந்த எல்லைக்குள்ள இருந்துதான் தின்னும். தம்பிக்கு எண்டு எடுத்துக் குடுக்கிற துணை அட்டைக்குப் பெரும்பாலும் தனி எல்லை கிடையாது. அக்காவின்ர எல்லையைத்தான் ரெண்டு பேரும் பங்கு போடினம், கடனுக்குப் பொறுப்பு அக்கா மட்டும். எங்கட வீடுகளில தம்பிமார் கேட்டால் அக்காமார் இல்லையெண்டு சொல்லுறது குறைவு. அதால இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லுறம்.

இனி வட்டி. கூற்றில இருக்கிற முழுத்தொகையையும் குறிச்ச திகதிக்குள்ள கட்டினால், கடையில வாங்கின சாமானுக்கு வட்டியே இல்லை. அப்பிடிப் பாவிக்கிற ஆளுக்குக் கடனட்டை நல்ல சாமான்தான், மறுக்கேல்லை. சிக்கல் ‘ஆகக்குறைந்த கொடுப்பனவு’ எண்ட வரியில. ஒரு லட்சம் ரூபா கடன், ஆண்டுக்கு 24% வட்டி, மாசம் நிலுவையில 5% மட்டும் கட்டுறம் எண்டு வைப்பம். புதுசா ஒண்டும் வாங்காமலே ஒரு வருஷத்தில ஏறக்குறைய 52,000 ரூபா கட்டியிருப்பம். கடன் குறைஞ்சது 31,500 அளவு. மிச்சம் வட்டி. இதில பகிடி என்னெண்டால், ஒவ்வொருக்கா கட்டேக்கயும் ‘மீதி’ கூடிக்கொண்டு வரும். கடன் குறைஞ்சதைச் சொல்லாமல், திரும்பக் கடன்பட இடம் வந்திட்டுது எண்டு சொல்லும்.

எல்லை அப்பிடியே இருக்க விலை மட்டும் மாறும் எண்டதையும் இந்த நாடு பாத்திட்டுது. 2020இல் மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு 18% உச்சவரம்பு போட்டது. பொருளாதாரம் விழுந்த 2022 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டது. பிறகு வட்டி 30%ஐயும் தாண்டிப் போச்சு. 18% எண்டு நினைச்சு அட்டை எடுத்தவையின்ர எல்லை அதே எல்லைதான், கடன் மட்டும் வேற விலைக்கு. 2023 ஓகஸ்டில் மத்திய வங்கி திரும்ப உச்சவரம்பு போட்டபோது கடனட்டைக்கு 28%, நகை அடகுக்கு 18%. இந்த ரெண்டு எண்ணையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. காப்பை அடகு வைக்கப் போற அம்மா சீலைத் தலைப்பால பையை மூடிக்கொண்டு போவா. டவுனில அட்டையை நீட்டுற நாங்கள் நெஞ்சை நிமித்திக்கொண்டு நீட்டுறம். அண்டைக்கு அம்மாவின்ர கடன்தான் மலிவு.

நுண்கடன் வடக்கு, கிழக்கில என்ன செய்தது எண்டு எங்களுக்கு ஆரும் சொல்லித் தரத் தேவையில்லை. 2018இல் அரசாங்கமே வறட்சி பாதிச்ச மாவட்டங்களில பெண்களின்ர ஒரு லட்சத்துக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்யிற நிலைமை வந்தது. அந்தக் கடன் வாசலுக்கு வந்து கத்தினது, ஊருக்கே கேட்டது. அட்டைக் கடன் அப்பிடிச் சத்தம் போடாது. கட்டாமல் விட்டால் ‘கிறிப்’ எண்டு நாங்கள் சொல்லுற கொடுகடன் தகவல் பணியகத்தில பதிவாகிப்போகும். வீடு கட்டக் கடன் கேட்டுப் போற அண்டைக்குத்தான் தெரியவரும்.

அட்டை எடுக்காதேங்கோ எண்டு சொல்ல வரேல்லை. வங்கிகளிட்டக் கேக்கிறது ஒண்டுதான்: மெசேஜில முதல் எண் எங்கட மொத்தக் கடனா இருக்கட்டும், ‘மீதி’ அதுக்குக் கீழ வரட்டும். அதுவும் தமிழில. புது அட்டை கையில வைச்சிருக்கிறவைக்கும் ஒண்டு. குடுத்த எல்லையைக் குறைக்கச் சொல்லிக் கேக்கலாம். கூட்டச் சொல்லி வங்கியே கூப்பிடும், குறைக்கலாம் எண்டு ஒருத்தரும் கூப்பிட்டுச் சொல்லமாட்டினம். ஒரு மாசச் சம்பளத்தில முழுசாக் கட்டி முடிக்கக்கூடிய தொகை எவ்வளவோ, அவ்வளவுக்குக் குறைச்சுத் தரச் சொல்லி ஒரு கடிதம் எழுதிக் குடுங்கோ.