‘ங்க’வுக்கு ஆங்கிலம் என்ன?

சென்ற கோடை விடுமுறையில் ஏதேனும் வேலை கிடைக்குமா என்று ஈரோட்டில் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற இருவரும் ஆங்கிலத்தில் பேசினார்கள். நான் மட்டும் தமிழில் கேட்டால் மட்டமாக நினைப்பார்களோ என்ற பயம். மனத்துக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, “ஐ வான்ட் அப்ளிகேஷன்” என்றேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நிமிர்ந்தார். “கேட்கிற முறையா இது? காலேஜில் மரியாதை சொல்லித் தரவில்லையா?” என்று நல்ல தமிழில் கேட்டார். படிவம் வாங்காமலே திரும்பிவிட்டேன்.

நான் சொல்ல நினைத்தது “ஒரு அப்ளிகேஷன் வேணுங்க” என்பதுதான். சொல்லுக்குச் சொல் மாற்றினேன். வழியில் விழுந்துபோனது அந்த ‘ங்க’ ஒன்றுதான்.

பவானிப் பக்கத்தில் பிறந்த எங்களுக்கு ‘ங்க’ இல்லாமல் பேச்சே கிடையாது. சரிங்க, இல்லீங்க, ஏனுங்க. பள்ளிக்கூடம் போகாத என் அப்பா தறிக்காரர். முதலாளியிடமும் அப்படித்தான் பேசுவார், சந்தையில் காய் விற்கும் அம்மாளிடமும் அப்படித்தான். மரியாதைக்கென்று தனிச்சொல் ஒன்றை அவர் தேடுவதில்லை. அது சொல்லின் வாலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்துக்கு அந்த வால் இல்லை.

இதை எங்கள் ஆங்கிலப் பேராசிரியரிடம் சொன்னபோது அவர் ஒரு செய்தி சொன்னார். ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் நீ, நீங்கள் என்ற வேற்றுமை இருந்ததாம்: தௌ, யூ. ஷேக்ஸ்பியர் (1564–1616) நாடகங்களில் இரண்டும் வருகின்றன. 17ஆம் நூற்றாண்டில் ‘தௌ’ பொதுப்பேச்சிலிருந்து மெல்ல மறைந்தது. பன்மைக்கும் மரியாதைக்கும் இருந்த ‘யூ’ எல்லோருக்கும் பொதுவாயிற்று. ஆக, ஆங்கிலேயர் தம் வீட்டு நாயைக்கூட ‘நீங்கள்’ என்றுதான் அழைக்கிறார்! நாயும் ‘நீங்கள்’ ஆகிவிட்டால் மனிதருக்குரிய மரியாதையை வேறெங்காவது வைத்தாக வேண்டுமல்லவா? ப்ளீஸ், குட் யூ, வுட் யூ என்பவை அந்த வேலையைத்தான் செய்கின்றன. ‘ப்ளீஸ்’ என்பதே ‘உங்களுக்கு விருப்பமானால்’ என்ற தொடரின் சுருக்கம்.

‘கேன்’ இருக்கும்போது ‘குட்’ எதற்கு, அது இறந்தகாலம் அல்லவா என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பிறகு எங்கள் ஊரை நினைத்துப் பார்த்தேன். கடன் கேட்க வருபவர் “பணம் குடுங்க” என்றா தொடங்குகிறார்? “ஒன்னு கேக்கலாம்னு வந்தனுங்க” என்று வாசலில் நிற்கிறார். இனிமேல் கேட்கப்போவதை இறந்தகாலத்தில் வைக்கிறார்; இல்லையென்று சொல்ல எதிராளிக்கு இடமும் விடுகிறார். ‘குட் யூ’ செய்வதும் இதுவே. இப்படிச் சொல்லித் தந்திருந்தால் பள்ளியிலேயே எனக்கு விளங்கியிருக்கும்.

விளங்காமல் பட்ட பாடு இன்னொன்று. ரயிலில் ஒரு பெரியவர் “வுட் யூ மைண்ட்” என்று தொடங்கி, ஜன்னலைச் சாத்தலாமா என்று கேட்டார். பணிவோடு “எஸ், எஸ்” என்றேன். அவர் முகம் சுண்டிவிட்டது. ‘உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?’ என்றவரிடம் ‘ஆமாம், உண்டு’ என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன்!

இந்த ப்ளீஸும் தேங்க்யூவும் அடிமைப்புத்தி என்று வாதிடும் நண்பர்கள் நம் கல்லூரியில் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இனியவை கூறலுக்கு ஓர் அதிகாரமும் செய்ந்நன்றி அறிதலுக்கு ஓர் அதிகாரமும் குறளில் வைத்திருப்பவர்கள் நாம். பணிவு நமக்கு இறக்குமதிச் சரக்கு அன்று. அதற்காக எங்கும் தேங்க்ஸ் சொல்வதே நாகரிகம் என்போரின் கட்சியிலும் நான் சேரமாட்டேன். ஒருநாள் சோறு போட்ட அம்மாவிடம் வாய் தவறி “தேங்க்ஸ்மா” என்றுவிட்டேன். “ஏங்கண்ணு, நான் என்ன அசலாளா?” என்றாள். சோறு இறங்கவில்லை.

இந்தப் பருவத்தோடு எங்களுக்குப் பகுதி இரண்டு ஆங்கிலம் முடிகிறது. உரைநடை, செய்யுள், கடிதம் எல்லாம் எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிட்டோம். வாய் திறந்து சொன்னது “மே ஐ கம் இன் சார்” மட்டுமே. ஆங்கிலம் புழங்கும் வீட்டுப் பிள்ளைகள் இதையெல்லாம் சாப்பிடும்போதே கற்றுவிடுகிறார்கள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்களுக்கு வகுப்பறையை விட்டால் வேறு இடம் ஏது? முப்பது நாள் புத்தகங்களும் கைப்பேசிக் காணொளிகளும் வாக்கியங்களைத் தருகின்றன. யாரிடம், எப்போது, என்ன குரலில் என்பதைத் தருவதில்லை. வாரத்தில் ஒரு மணி நேரம் போதும். ஒருவர் வங்கி அலுவலராகட்டும், ஒருவர் வாடிக்கையாளராகட்டும். தவறாகப் பேசினால் யாரும் சிரிக்காத ஒரு மணி நேரமாக அது இருக்கட்டும். எங்களுக்குப் பின்னால் வரும் முதலாண்டு மாணவர்களுக்காவது ஆங்கிலத்துறை ஆசிரியப் பெருமக்கள் இதற்கு மனம் வைக்க வேண்டும்.

சென்ற மாதம் அதே அலுவலகத்துக்கு மறுபடியும் போனேன். “குட் ஐ ஹாவ் ஆன் அப்ளிகேஷன் ஃபார்ம், ப்ளீஸ்” என்று தடங்கலில்லாமல் கேட்டேன். நாற்காலியில் வேறொருவர் இருந்தார். “ஃபாரமா தம்பி? உக்காருங்க, எடுத்துத் தர்றேன்” என்றார்.