நீரடியில் ஓர் அளவைப் பாடம்

ஒரு முறை மற்றொன்றினும் சிறந்ததெனக் கூறுவார் பலர். அதனை எவ்வாறு அறிந்தீர் என வினவுவார் சிலரே. அவ்வினாவின் அருமையை விளக்குதற்கு, யாம் கற்பிக்கும் இலக்கியத்தை விடுத்துக் கடலடியிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருதும்.

காற்றுக்கலம் சுமந்து ஆழ்ந்து மூழ்குவோரின் உடலில், மிக்க அமுக்கத்தால் நைதரசன் வாயு பெரிதும் கரைகின்றது. விரைந்து மேலெழின் அது குமிழிகளாகி மூட்டுநோவையும், சிலவேளை முடக்கத்தையும் விளைவிக்கும். ஆதலின் இடையிடையே தரித்து, அமுக்கத்தைப் படிப்படியாகத் தணித்து ஏறுதல் வேண்டும். பிரித்தானிய அறிஞர் ஹோல்டேன், துணைவர் இருவருடன் ஆடுகளைக் கொண்டு ஆராய்ந்து, 1908இல் இதற்கு நெறி வகுத்தார். அவ்வழி வந்த அட்டவணைகளில் தரிப்பு நேரத்தின் பெரும்பகுதி மேற்பரப்பின் அண்மையிலேயே கழியும்.

பின்னாளில், ஹவாயித் தீவில் மீனினங்களை ஆராயும் றிச்சட் பைல் என்பார், பிடித்த மீன்களின் காற்றுப்பையைத் துளைத்தற்பொருட்டு ஆழத்திலே தரித்த நாள்களில், கரையேறியபின் தமக்குச் சோர்வு குறைந்திருக்கக் கண்டார். ஆழத்திலேயே தரிக்கத் தொடங்குதல் நன்றென்னும் கொள்கை பரவலாயிற்று. குமிழியைச் சிறிதாயிருக்கும்போதே அடக்கலாம் என்னும் கணிதக் கோட்பாடுகளும் துணைநின்றன. ‘யாமும் அவ்வாறே செய்தோம், நலமே மீண்டோம்’ எனப் பலர் சான்று பகர்ந்தனர்.

காண்டல், கருதல், உரை என அளவை மூன்றென்பர் நம் நூலார். பைலின் அனுபவம் பிறர்க்கு உரை. கணிதக் கோட்பாடு கருதல். இரு முறைகளையும் ஒருங்கு வைத்துக் கண்ட காண்டல் யாண்டையது?

அதனை அமெரிக்கக் கடற்படையின் மூழ்குதற் பரிசோதனைப் பிரிவு 2011இல் வெளியிட்ட அறிக்கை தந்தது. 170 அடி ஆழத்தில் 30 நிமிடம் இருந்தோர், இரு முறைகளிலும் 174 நிமிடமே தரித்து எழுந்தனர். முதல் தரிப்பு ஒன்றில் 70 அடியிலும் மற்றதில் 40 அடியிலும் அமைந்தது. நேரம் ஒன்றே, பங்கீடே வேறு. ஆழத் தரிப்பில் 198 மூழ்கல்களில் 11 தடவை நோய் கண்டது. மற்றதில் 192இல் 3 தடவையே. ஆகவே சோதனையை இடையிலே நிறுத்தினர். ஆழத்தில் தரிக்குந்தோறும், வாயுவை மெல்ல ஏற்கும் இழையங்கள் மேலும் நைதரசனை ஏற்றல் இதற்குக் காரணமாகலாம்.

ஈண்டு மாணவர் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. தோற்ற முறையிலும் 187 தடவை நலமே மீண்டனர். அவ்வீதப்படி பத்துமுறை மூழ்குவோரிலும் பாதிக்கு மேற்பட்டோர் நோயறியார். அன்னோர் கூறுவது பொய்யன்று. ஆயினும் எம்முறை மேலென்பதை அது காட்டமாட்டாது. அரிதாய் வரும் தீங்கை ஒருவர் அனுபவம் அளக்கவொண்ணாது.

ஓர் ஆழத்தில், வளியைச் சுவாசித்துச் செய்த சோதனை எல்லா ஆழத்துக்கும் எல்லா வாயுக்கலவைக்கும் பொருந்துமோ எனின், அவ்வையம் தக்கதே. ஆயின் சோதனையின் குறையை நிரப்புவது மற்றொரு சோதனையேயன்றிச் செவிவழிச் செய்தியன்று.

மருந்தாயினும் உரமாயினும் கல்விமுறையாயினும், ‘எமக்குப் பலித்தது’ என்பார் எங்கும் உளர். அவரை இகழாது கேண்மின். கேட்டபின், எத்தனை பேருள் எத்தனை பேர்க்கு, எதனோடு ஒப்பிட்டு, எவற்றைச் சமமாக வைத்து என வினவுமின். இவ்வினாக்களைக் கேட்கும் துணிவே, விழாக் காணும் இக்கல்லூரி தன் மாணவர்க்கு வழங்கத்தக்க நற்செல்வம் என்பது எம் கருத்து.