'எக்ஸிஸ்ட்' என்றால் உண்டா, இருக்கிறதா?

விழுப்புரத்தில் பாசஞ்சர் ரயில் ஏறினால், திண்டிவனம் போய்ச் சேருவதற்குள் ஒரு சண்டையாவது காதில் விழும். சென்ற வாரம் விழுந்தது இலக்கணச் சண்டை. எதிரே இரண்டு பிளஸ் டூ மாணவர்கள். நோட்டுப் புத்தகத்தில் ஒரு வாக்கியம்: 'எ லேக் இஸ் எக்ஸிஸ்டிங் இன் அவர் வில்லேஜ்.' வாத்தியார் சிவப்பு மையால் சுழித்திருந்தார். ஏன் தப்பு என்று சொல்லவில்லையாம்.

விக்கிரவாண்டி வரை பொறுத்திருந்தேன். பிறகு வாய் சும்மா இருக்கவில்லை.

வாத்தியார் சுழித்தது நியாயந்தான். 'எக்ஸிஸ்ட்' என்பது 'நோ', 'பிலாங்' போல ஒரு நிலையைச் சொல்லும் வினை. ஓடுவது, சமைப்பது போல நடந்துகொண்டிருக்கிற காரியமல்ல. ஆகவே 'இஸ் எக்ஸிஸ்டிங்' என்று வராது. 'எக்ஸிஸ்டிங் ரூல்ஸ்' என்று அடைமொழியாக வருவது வேறு விஷயம். பையன்மேல் குற்றமில்லை, 'இருந்து வருகிறது' என்று தமிழில் நினைத்து இங்கிலீஷில் எழுதிவிட்டான். ஊரில் ஏரி இருக்கிறதென்று சொல்ல 'தேர் இஸ் எ லேக்' போதுமே! கடவுள், பேய், செவ்வாய்க் கிரகத்து உயிர் என்று, உண்டா இல்லையா என்பதே வழக்காகிவிட்ட இடத்தில்தான் 'எக்ஸிஸ்ட்' வந்து உட்காருகிறது.

அந்த இடத்துக்குத் தமிழில் 'உண்டு' இருக்கிறது. வேறு, இல்லை, உண்டு என்ற மூன்றையும் ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொதுவென்று நன்னூலார் அன்றே அனுமதித்துவிட்டார். 'கடவுள் உண்டா?' என்பது தத்துவக் கேள்வி. 'கடவுள் இருக்கிறாரா?' என்றால், வாசலில் நின்று 'ஐயா இருக்கிறாரா?' என்று விசாரிப்பது போலவே என் காதுக்குப் படுகிறது. பத்திரிகைக்காரர்களான நாங்களோ இரண்டையும் விட்டு 'நிலவுகிறது' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டோம். அமைதியும் நிலவுகிறது, பதற்றமும் நிலவுகிறது, குடிநீர்த் தட்டுப்பாடும் நிலவுகிறது. நானும் எழுதியவன்தான்.

மயிலம் நெருங்கும்போது பையன் கேட்டான்: "சார், எங்க ஊர் ஏரி கிராமக் கணக்கில்தான் இருக்கு. நேரில் பார்த்தால் பிளாட் கல். அதுக்கு 'எக்ஸிஸ்ட்' போடலாமா?"

திணறிப் போனேன். கைகொடுத்தது லத்தீன். அச்சொல்லின் வேருக்கு 'வெளியே வந்து நிற்பது' என்று அர்த்தம். விழுப்புரம் புதிய பஸ் நிலையம் ஏரி இருந்த இடத்தில் எழுந்தது. அந்த ஏரியை எல்லோரும் இறந்த காலத்தில் சேர்த்துவிட்டார்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. இதே மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. பஸ் நிலையத்துக்குள் தண்ணீர் வந்து நின்றது. வேர்ச்சொல் பொருளில் பார்த்தால், ஏரி 'எக்ஸிஸ்ட்' ஆகிவிட்டது!

"நிகழ்காலத்திலேயே எழுது, தம்பி. 'தி லேக் எக்ஸிஸ்ட்ஸ்' என்று போடு" என்றேன். "வாத்தியார் மறுபடி சுழித்தால்?" என்றான். ஐப்பசி அடைமழையில் அவரை ஊருக்கு அழைத்துப் போகச் சொன்னேன். அதற்குள் திண்டிவனம் வந்துவிட்டது.