வல்கனையும் பாடத்தில் வையுங்கள்

நெப்டியூன் கதை வானியல் படித்தவர்களுக்குத் தெரிந்ததுதான். யுரேனஸ் நியூட்டன் விதி சொன்ன பாதையிலிருந்து சற்று விலகி ஓடியது. அதற்கப்பால் வேறொரு கோள் இருந்து இழுக்கிறது என்று முடிவுகட்டிய பிரெஞ்சு வானியலர் லெவெரியே, அந்தக் கோள் இருக்கும் இடத்தையும் கணக்கிட்டுச் சொன்னார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் வானியலர் காலே தொலைநோக்கியைத் திருப்பினார். குறித்த இடத்திலிருந்து ஒரு பாகைகூடத் தள்ளாமல் கோள் இருந்தது.

இதே லெவெரியே 1859இல் புதனைப் பற்றி எழுதினார். மற்றக் கோள்களின் ஈர்ப்பையெல்லாம் கழித்த பிறகும் அதன் நீள்வட்டப் பாதை நூற்றாண்டுக்கு 38 விநாடிக் கோணம் கூடுதலாகத் திரும்பியது. ஒரு பாகையை 3,600 கூறாக்கினால் ஒரு கூறுதான் ஒரு விநாடி. அவ்வளவு நுண்ணிய பிசகு. யுரேனஸுக்குப் பலித்த வழி புதனுக்குப் பலிக்காதா? சூரியனுக்கும் புதனுக்கும் நடுவே கண்ணில் படாத கோள் இருக்க வேண்டும் என்றார். சூரியன்மேல் கரும்புள்ளி ஒன்று கடந்ததைப் பார்த்ததாகச் சிற்றூர் மருத்துவர் லெஸ்கார்போ எழுத, லெவெரியே நேரில் போய் விசாரித்து நம்பினார். வல்கன் என்று பெயரும் வைத்தாயிற்று. பிறகு எத்தனையோ பேர் தேடினார்கள். யாராலும் உறுதிசெய்ய முடியவில்லை. அந்த நம்பிக்கையோடே 1877இல் லெவெரியே காலமானார். 1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் தம் புதிய ஈர்ப்புக் கொள்கையைக் கொண்டு, அதற்குள் 43 விநாடி என்று திருத்தப்பட்டிருந்த அந்தக் கணக்கை நேர்செய்தார். குறை நியூட்டன் விதியில் இருந்தது. வல்கன் என்று ஒன்று இல்லவே இல்லை.

லெவெரியேயைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு முறையும் அவர் நியாயம் ஒன்றே, உழைப்பும் ஒன்றே. எது பலிக்கும், எது பொய்க்கும் என்பதற்கு அந்த நியாயத்துக்குள் எந்த அடையாளமும் இல்லை. என்னைக் கலங்கவைப்பது இதுதான். கண்டவற்றைத் தொகுத்துக் காணாததை அறிகிறோம். இதுவரை பலித்ததால் இனியும் பலிக்கும் என்றால், அந்த வாதமே தொகுத்தறிதல்தான்; தனக்குத் தானே சாட்சி சொல்ல முடியாது. 18ஆம் நூற்றாண்டில் மெய்யியலர் ஹியூம் இந்த முடிச்சைக் காட்டினார். மணிமேகலையில் வரும் பூதவாதியோ கண்ணால் கண்டதை மட்டுமே ஏற்று, அனுமானத்தை அடியோடு தள்ளிவிடுகிறான். என்னால் அவ்வளவு தூரம் போக முடியாது. அனுமானத்தைத் தள்ளினால் நெப்டியூனும் இல்லை.

அறிவியல் தரும் அறிவு நம்பத் தக்கது; ஆனால் முடிந்த முடிபு அல்ல. நம் மாணவர்களுக்கு முதல் பாதியை மட்டும் சொல்லி வளர்க்கிறோம். பாடநூல் எழுதுவோரும் ஆசிரியர்களும் நெப்டியூனைச் சொல்லும் அதே பக்கத்தில் வல்கனையும் சொல்லுங்கள்.