ஏன் தோற்றாய் என்று கேளுங்கள்!

2019-ம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி. சனிக்கிழமை காலை.

எங்கள் தெரு முனை டீக்கடையில் நல்ல கூட்டம். எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு. அதற்கு முந்திய இரவு பலர் தூங்கவில்லை. ‘சந்திரயான்-2’ கொண்டு போன ‘விக்ரம்’ என்ற கலம் பின்னிரவு 2 மணி அளவில் சந்திரனில் இறங்க வேண்டும். தரையை நெருங்கியது. திடீர் என்று தொடர்பு அறுந்தது. விக்ரம் விழுந்து நொறுங்கியது.

“காசைக் கரி ஆக்கி விட்டார்கள்! நம்மைப் போன்ற ஏழை நாட்டுக்கு இதெல்லாம் எதற்கு?” என்றார் என் நண்பர் ஒருவர். பலரும் தலை ஆட்டினார்கள்.

நாலு ஆண்டுகள் ஓடின.

2023-ம் ஆண்டு ஆகஸ்டு 23-ந் தேதி. மாலை 6 மணி 4 நிமிடம். ‘சந்திரயான்-3’ கலம் சந்திரனின் தென் துருவப் பகதியில் மெதுவாக இறங்கியது. அதே டீக்கடை. அதே நண்பர். அவர் கையில் ஒரு பெட்டி மிட்டாய்!

“பார்த்தீர்களா, நம்ம ஆட்கள் சாதித்து விட்டார்கள்!” என்று எல்லோருக்கும் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். வாங்கிக் கொண்டேன். ஆனால் வாயில் போட மனம் வரவில்லை.

காரணம் உண்டு. அந்த நண்பருக்கு ஒரு மகன். அதே 2019-ல் அவன் பிளஸ்-2 தேர்வு எழுதினான். கணக்கில் தவறி விட்டான். “உனக்குப் படிப்பு ஏறாது” என்று சொல்லி, அவனை ஒரு மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்த்து விட்டார் நண்பர். பையன் அதன் பிறகு புத்தகத்தைத் தொடவில்லை.

விக்ரமுக்கு இரண்டாவது வாய்ப்புக் கிடைத்தது. பையனுக்குக் கிடைக்கவில்லை!

வென்றவனுக்கு மாலை போடுகிறோம். தோற்றவனைத் துரத்துகிறோம். இது நம் ஊர் வழக்கமாகி விட்டது. விஞ்ஞானிகளின் வழக்கம் வேறு. அவர்கள் தோற்றவனைப் பார்த்து, “ஏன் தோற்றாய்?” என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில்தான் வெற்றியின் விதை இருக்கிறது. அண்மைக் காலத்தில் நடந்த நாலு ஆராய்ச்சிகளை எடுத்துக் கொள்ளுங்கள். நாலும் அதையே சொல்லும்.

விழுந்த விக்ரம்

முதலில் சந்திரயான் கதை. விக்ரம் விழுந்ததும் விஞ்ஞானிகள் அழுதுகொண்டே உட்கார்ந்து விடவில்லை. எந்த இடத்தில் தவறு நடந்தது என்று ஒவ்வொரு கணக்கையும் புரட்டினார்கள்.

என்ஜின்கள் எதிர்பார்த்ததை விட அதிக விசையோடு தள்ளி இருந்தன. கலம் தன்னைச் சரி செய்து கொள்வதற்குள் நேரம் கடந்து விட்டது. இறங்குவதற்குக் குறித்த இடமும் மிகச் சிறியது. அரை கிலோ மீட்டர் நீளம், அரை கிலோ மீட்டர் அகலம். அவ்வளவுதான்!

அடுத்த கலத்தில் எல்லாவற்றையும் மாற்றினார்கள். 5 என்ஜின்கள் 4 ஆயின. கால்களுக்குப் பலம் கூட்டினார்கள். கூடுதல் எரிபொருள் வைத்தார்கள். இறங்கும் இடத்தை 4 கிலோ மீட்டர் நீளம், 2.4 கிலோ மீட்டர் அகலம் என்று பெரிதாக்கினார்கள். வேகத்தை அளக்க லேசர் கருவி ஒன்றைப் புதிதாகப் பொருத்தினார்கள்.

இன்னொரு சங்கதி. சந்திரயான்-2 முழுத் தோல்வியும் அல்ல. அதன் சுற்றுக் கலம் சந்திரனைச் சுற்றிக்கொண்டே இருந்தது. அது எடுத்து அனுப்பிய படங்களைப் பார்த்துத்தான் புதிய கலம் இறங்கும் இடத்தைத் தேர்ந்து எடுத்தார்கள். விழுந்த பயணம், எழுந்த பயணத்துக்கு வழி காட்டியது!

இந்த வெற்றியில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்துக்காரர். தந்தை ரயில்வே தொழிலாளி. மகன் முதலில் டிப்ளமா படித்தார். பிறகு என்ஜினீயரிங். பிறகு டாக்டர் பட்டம். ஒவ்வொரு படியாக ஏறினார்.

நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி என்ற ஊர் இருக்கிறது. அந்த வட்டாரத்துப் பாறை, சந்திரனின் மண்ணைப் போன்றது. அதைப் பொடியாக்கிப் பெங்களூருக்குக் கொண்டு போனார்கள். அந்த மண்ணைப் பரப்பிச் சோதனை செய்து பார்த்தார்கள். சந்திரனுக்குப் போகும் முன் நாமக்கல் மண்ணில் நடை பழகினார்கள் என்று சொல்லலாம்!

பதவி இறங்கிய பெண்

இரண்டாவது கதை வைத்தியத் துறையைச் சேர்ந்தது.

ஹங்கேரி நாட்டில் ஒரு கசாப்புக் கடைக்காரர். அவர் மகள் கத்தலின் கரிக்கோ. விஞ்ஞானம் படித்தார். வேலை பார்த்த ஆராய்ச்சிக் கூடத்தில் பணம் தீர்ந்து போயிற்று. 1985-ல் கணவருடனும் 2 வயது மகளுடனும் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். காரை விற்ற பணத்தை மகளின் கரடிப் பொம்மைக்குள் வைத்துத் தைத்து எடுத்துப் போனார்.

அவர் ஆராய்ந்தது எம்.ஆர்.என்.ஏ. என்ற பொருளை. அது என்ன?

நம் உடம்பு ஒரு பெரிய சமையல் கூடம் என்று வைத்துக் கொள்ளுங்கள். சமையல் புத்தகம் உள்ளே பத்திரமாக இருக்கிறது. “இன்ன பலகாரம் செய்” என்று அதில் இருந்து எழுதி அனுப்பும் சீட்டுத்தான் எம்.ஆர்.என்.ஏ. வேலை முடிந்ததும் சீட்டைக் கிழித்துப் போட்டு விடுவார்கள். இந்தச் சீட்டை நாமே வெளியே எழுதி உடம்புக்குள் அனுப்பினால், வேண்டிய மருந்தை உடம்பே செய்துகொள்ளும் அல்லவா? இதுதான் கரிக்கோவின் எண்ணம்.

யாரும் நம்பவில்லை. ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு விண்ணப்பம் போட்டார். திரும்பி வந்தது. மறுபடியும் போட்டார். மறுபடியும் திரும்பி வந்தது. 1995-ல் அவர் பதவியையே இறக்கி விட்டார்கள். சம்பளமும் குறைந்தது.

அவர் வீட்டுக்குப் போகவில்லை. “ஏன் தோற்கிறோம்?” என்று கேட்டார். வெளியே இருந்து வரும் சீட்டை உடம்பு பகைவன் என்று எண்ணி எதிர்த்தது. அதுதான் தடை. ட்ரூ வைஸ்மன் என்ற இன்னொரு விஞ்ஞானியை நகல் எடுக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் சந்தித்தார். இருவரும் சேர்ந்து உழைத்தார்கள். சீட்டில் உள்ள ஒரே ஒரு எழுத்தைச் சற்றே மாற்றினார்கள். உடம்பின் எதிர்ப்பு அடங்கியது! 2005-ல் இதை வெளியிட்டார்கள். அப்போதும் உலகம் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை.

2020-ல் கொரோனா வந்தது. அந்த முறையில் செய்த தடுப்பு ஊசி அதே ஆண்டின் முடிவில் தயார்! நம் நாட்டில் பெரும்பாலோர் போட்டுக் கொண்டது வேறு வகை ஊசி. ஆனால் உலகில் பல நாடுகளில் கோடிக் கணக்கான மக்களுக்குக் கரிக்கோவின் முறையே கை கொடுத்தது. 2023-ல் கரிக்கோ, வைஸ்மன் இருவருக்கும் நோபல் பரிசு. அப்போது கரிக்கோவுக்கு வயது 68.

கரடிப் பொம்மையோடு வந்த அந்த மகள்? அவர் படகுப் போட்டியில் 2008-லும் 2012-லும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். வீட்டில் தாயின் விடாமுயற்சியைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அல்லவா!

எட்டு ஆண்டு மவுனம்

மூன்றாவது கதை வான மண்டலத்தில் நடந்தது.

குளத்தில் கல் எறிந்தால் அலை எழும். வானத்தில் பெரும் பொருள்கள் மோதினால் வெளியே அலை எழும் என்று ஐன்ஸ்டீன் 1916-ல் சொன்னார். அதற்கு ஈர்ப்பு அலை என்று பெயர். ஆனால் அதை அளக்க முடியுமா?

அமெரிக்காவில் இரண்டு இடங்களில் பெரிய கருவிகளைக் கட்டினார்கள். ஒவ்வொன்றிலும் 4 கிலோ மீட்டர் நீளமுள்ள இரண்டு குழாய்கள். அவற்றுக்குள் லேசர் ஒளி ஓடும். அலை வந்தால் குழாயின் நீளம் அணு அளவுக்கும் குறைவாகக் கூடிக் குறையும். அதை ஒளி காட்டிக் கொடுக்கும்.

2002-ல் கேட்கத் தொடங்கினார்கள். 2010 வரை கேட்டார்கள். ஒன்றும் கேட்கவில்லை! எட்டு ஆண்டு மவுனம். நம் ஊராக இருந்தால் என்ன சொல்லி இருப்போம்?

அவர்கள் கருவியைப் பிரித்தார்கள். இன்னும் நுட்பமாக்கினார்கள். 2015-ம் ஆண்டு செப்டம்பர் 14-ந் தேதி, முறையான வேலை தொடங்குவதற்கு முன்பே, அலை வந்து விட்டது! ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரமே நீடித்தது. சுமார் 130 கோடி ஆண்டுகளுக்கு முன் இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றாயின. அந்த அதிர்ச்சிதான் அன்று பூமியை வந்து அடைந்தது. இந்தக் கருவிக்கு வழி வகுத்தவர்களில் ஒருவர் ரெய்னர் வைஸ். 1972-லேயே திட்டம் எழுதியவர். 2017-ல் நோபல் பரிசு வாங்கியபோது அவருக்கு வயது 85!

இதே போன்ற கருவி ஒன்றை மராட்டிய மாநிலம் இங்கோலி மாவட்டத்தில் கட்ட 2023-ல் மத்திய அமைச்சரவை அனுமதி கொடுத்தது.

அட்டையில் வெட்டிய தொப்பி

நாலாவது கதை கணிதம். பயப்பட வேண்டாம். தரையில் கல் பதிக்கும் கணக்குத்தான்!

சதுரக் கல் பதித்தால் தரை நிறையும். ஒரே கோலம் திரும்பத் திரும்ப வரும். இடைவெளி இல்லாமல் தரை நிறைய வேண்டும். ஆனால் கோலம் ஒரே ஒழுங்கில் திரும்பி வரவே கூடாது. அப்படிக் கல் உண்டா? இது கணித மேதைகளின் கேள்வி. 1960-களில் இதற்கு 20 ஆயிரத்துக்கு மேற்பட்ட வடிவங்கள் தேவைப்பட்டன. 1970-களில் பென்ரோஸ் என்ற மேதை அதை இரண்டாகக் குறைத்தார். ஒரே வடிவம் போதுமா? சுமார் 50 ஆண்டுகள் யாராலும் சொல்ல முடியவில்லை.

2022-ல் கண்டுபிடித்தவர் யார் தெரியுமா? இங்கிலாந்தில் அச்சுத் தொழில் பார்த்து ஓய்வு பெற்ற டேவிட் ஸ்மித்! அவர் கணிதப் பேராசிரியர் அல்ல. வடிவங்களோடு விளையாடுவது அவர் பொழுதுபோக்கு. அட்டையை வெட்டி வெட்டிப் பொருத்திப் பார்த்தார். 13 பக்கம் கொண்ட ஒரு வடிவம் கிடைத்தது. பார்க்கத் தொப்பி போல் இருக்கும். கணித அறிஞர்கள் மூவர் அவரோடு சேர்ந்து, அது சரியே என்று நிரூபித்தார்கள்.

சிலர் குறை சொன்னார்கள். “சில கற்களைக் குப்புறத் திருப்பிப் பதிக்க வேண்டி இருக்கிறதே!” என்றார்கள். அதே நால்வரும் மறுபடி உட்கார்ந்தார்கள். 2023 மே மாதத்திலேயே, திருப்ப வேண்டாத வடிவத்தையும் கொண்டு வந்து விட்டார்கள்!

கணக்குக் கேளுங்கள்

“அப்படியானால் யார் எத்தனை தடவை தோற்றாலும் பணத்தைக் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டுமா?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி.

வேண்டாம். கணக்குக் கேட்க வேண்டும். 1969-ல் ஒரு விஞ்ஞானி, “ஈர்ப்பு அலையைக் கண்டுவிட்டேன்” என்றார். மற்றவர்கள் அதே போன்ற கருவி செய்து கேட்டார்கள். ஒன்றும் வரவில்லை. அவர் சொன்னதை உலகம் ஏற்கவில்லை. எவ்வளவு பெரியவர் சொன்னாலும் சோதித்துப் பார்ப்பதே விஞ்ஞானம். தவறை மறைப்பவனுக்கு இரக்கம் காட்ட வேண்டாம். தவறை ஒப்புக்கொண்டு காரணம் தேடுபவனுக்கு வாய்ப்பு மறுக்க வேண்டாம்.

நம் நாடு இதற்குப் போதுமான பணம் ஒதுக்குகிறதா? 2020-21 கணக்குப்படி, நாட்டின் 100 ரூபாய் வருமானத்தில் ஆராய்ச்சிக்குப் போனது 64 காசு. தென் கொரியாவில் 4 ரூபாய்க்கும் மேல்! காசைக் கரி ஆக்குகிறார்கள் என்று பேசுகிறோமே, நாம் கொடுத்த காசு அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில்

அரசாங்கம் இருக்கட்டும். நம் வீட்டுக்கு வருவோம்.

பிள்ளை குறைந்த மார்க் வாங்கி வந்தால் கை ஓங்காதீர்கள். விடைத்தாளை விரித்துப் பக்கத்தில் உட்காருங்கள். “எந்தக் கணக்கில் தவறினாய்? ஏன் தவறினாய்?” என்று கேளுங்கள். உங்களுக்குக் கணக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கேட்பதற்குப் படிப்பு வேண்டாம். பொறுமை போதும்.

பெண் பிள்ளை என்றால் இன்னும் ஒரு வார்த்தை. பையன் தவறினால் “மறுபடி எழுது” என்கிறோம். பெண் தவறினால் மாப்பிள்ளை தேடுகிறோம். கரிக்கோவை அப்படி வீட்டில் உட்கார வைத்து இருந்தால் உலகம் என்ன ஆகி இருக்கும்?

அன்று மாலை மிட்டாய் கொடுத்த நண்பரிடம் நான் மெதுவாகக் கேட்டேன். “விக்ரமை மறுபடி அனுப்பியது சரி என்கிறீர்கள். உங்கள் பையனை ஏன் மறுபடி அனுப்பவில்லை?”

அவர் முகம் சுருங்கியது. “இனிமேலா? வயசு ஆகி விட்டதே!” என்றார்.

பையனுக்கு அப்போது வயது 21. அவன் தனித் தேர்வு எழுத வழி இருந்தது. இன்றும் இருக்கிறது. விஞ்ஞானிகள் எட்டு ஆண்டு மவுனத்தைப் பொறுத்தார்கள். ஒரு தகப்பனார் ஒரு தேர்வைப் பொறுக்க முடியாதா?

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பையனோ பெண்ணோ இருக்கலாம். பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வையுங்கள். ஏன் தோற்றாய் என்று அன்போடு கேளுங்கள்!