பென்டிரைவைச் செருகுவதற்கு முன்

கேரளத்தில் பெருமாட்டி உள்ளிட்ட சித்தூர் வட்டத்திலும், மலைக்கு மேலே தேவிகுளம், மூணாறு பக்கத்திலும் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள் பள்ளிக் கணினியில் பழகுவது லினக்ஸில்தான். ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கி, 2017இல் கைட் என்ற நிறுவனமாக மாறிய கேரள அரசின் திட்டம், உபுண்டுவிலிருந்து தனக்கென ஓர் இயங்குதளத்தையே உருவாக்கி வைத்திருக்கிறது. வீட்டிலோ விண்டோஸ். இரண்டும் ஒரே கணினியில் வேண்டும் என்று கணினி சர்வீஸ் செய்யும் நம்மிடம் கேட்டு வருகிறார்கள். 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிந்தது இதற்கு இன்னொரு காரணம்.

அப்படி வரும் மடிக்கணினியில் குடும்பப் படங்களும் நிலப் பத்திர ஸ்கேனும் இருக்கும், பேக்கப் இருக்காது. இன்ஸ்டால் செய்ய யாராலும் முடியும். அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில்தான் நம் தொழில் இருக்கிறது.

முதல் வேலை பேக்கப். அடுத்து பிட்லாக்கர். புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டப்பட்டுவிடுகிறது. உரிமையாளருக்கே அது தெரிவதில்லை. நாம் செக்யூர் பூட்டை அணைத்தாலோ பூட் வரிசையை மாற்றினாலோ, அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். சாவி இல்லையென்றால் அந்த டிஸ்கில் உள்ளவை போனது போனதுதான். ஆகவே உரிமையாளரை அருகில் வைத்துக்கொண்டே அவர் கணக்கிலிருந்து சாவியை எடுத்து, தாளில் எழுதி அவர் கையில் கொடுத்த பிறகே பயாஸைத் தொட வேண்டும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை விண்டோஸ் முழுமையாக ஷட்டவுன் ஆவதில்லை. சி டிரைவைச் சுருக்குவது விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே நடக்கட்டும்.

லினக்ஸை நிறுவும் ஐஎஸ்ஓ கோப்பு விஷயத்தில் நம்மில் பலர் அலட்சியமாக இருக்கிறோம். நண்பர் கொடுத்தது, பழைய டிஸ்கில் கிடந்தது என்று எடுத்துப் போடுகிறோம். 2016 பிப்ரவரி 20இல் லினக்ஸ் மின்ட்டின் இணையதளத்துக்குள் புகுந்தவர்கள், 17.3 சினமன் பதிப்பின் இணைப்பை மாற்றி, பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவை இறக்க வைத்தார்கள். தளமே கைமாறினால் அதிலிருக்கும் எஸ்எச்ஏ256 எண்ணையும் மாற்றிவிடலாம். அதனால் எண்ணை மட்டும் ஒப்பிட்டு நிற்காமல் ஜிபிஜி கையொப்பத்தையும் சரிபார்க்க வேண்டும். சில நிமிட வேலைதான்.

ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் எழுதும் கருவி ரூஃபஸ், வென்டாய், டிடி எதுவானாலும், எழுதும்போது மற்ற வெளி டிஸ்குகளைக் கழற்றிவிடுங்கள். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் மலிவு பென்டிரைவ்கள் சந்தையில் உண்டு. எஃப்3 என்ற கருவி கொண்டு ஒருமுறை சோதிப்பது நல்லது.

வேலை முடிந்ததும் அந்தப் பென்டிரைவை அழித்து அடுத்த வாடிக்கையாளருக்கு எழுதும் பழக்கத்தை விட வேண்டும். 2024 ஆகஸ்ட் 13 அன்று வந்த விண்டோஸ் அப்டேட், செக்யூர் பூட் இயங்கிய பல இரட்டை பூட் கணினிகளில் லினக்ஸைத் திறக்கவிடாமல் செய்தது. அப்படி ஒரு நாளில், செக்யூர் பூட்டை அணைத்துவிட்டுக் கணினியைத் திறந்து பார்க்க, கையிலிருக்கும் பூட் பென்டிரைவ் உதவும். பதிப்பையும் தேதியையும் எழுதி ஒட்டி, எப்படிப் பூட் செய்வது என்று தமிழில் நாலு வரி சேர்த்து, உரிமையாளரிடமே கொடுங்கள். அதன் விலையையும் அந்த ஒரு மணி நேரத்துக்கான கூலியையும் பில்லில் தனி வரியாகப் போடத் தயங்க வேண்டாம்.